பெயர் சொல்லாத எச்சரிக்கை

பென் டிரைவைப் பாதுகாப்பாக அகற்றும் சடங்கு இனித் தேவையில்லை, மைக்ரோசொப்டே அப்படிச் சொல்லிவிட்டது என்று 2019ஆம் ஆண்டு முதல் பலரும் கூறக் கேட்டு வருகிறேன். அது பாதி உண்மை மட்டுமே.

மைக்ரோசொப்ட் சொன்னது இதுதான். 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செருகப்படும் சேமிப்புக் கருவிகளுக்கு 'விரைவாக அகற்றுதல்' என்ற முறை இயல்பான அமைப்பாக்கப்பட்டது. மற்றைய முறையில், நாம் அனுப்பும் கோப்பைக் கணனி முதலில் தனது நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'முடிந்தது' என்று அறிவித்துவிடும். பென் டிரைவில் எழுதுவதைத் தனக்கு வசதியான நேரத்தில் செய்யும். விரைவாக அகற்றும் முறையில் அவ்வாறு தேக்கி வைப்பதில்லை. ஆகவே எழுதும் வேலை நடைபெறாத வேளையில் பென் டிரைவை இழுத்தெடுத்தால் பெரும்பாலும் தீங்கு நேராது. 'எழுதும் வேலை நடைபெறாத வேளையில்' என்ற நிபந்தனைதான் வாய்வழிச் செய்தியில் உதிர்ந்து போயிற்று.

எழுதும் வேலை நடக்கிறதா இல்லையா என்பது நமக்கு எப்படித் தெரியும்? நாம் ஒன்றும் செய்யாமல் கைகட்டி இருக்கும்போதும் கணனி சும்மா இருப்பதில்லை. வேர்ட் ஆவணத்தைப் பென் டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்தால், அந்த மென்பொருள் தனது தற்காலிகக் கோப்புகளை அதே இடத்தில் உருவாக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பிரதி செய்யும் பட்டை 100 வீதத்தை எட்டிய பின்னரும் உண்மையான எழுத்துவேலை பல நிமிடங்கள் தொடரக்கூடும்.

அவ்வேளையில் இழுத்தெடுத்தால், எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கோப்பு மாத்திரம் போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். சேதம் அதனோடு நிற்பதில்லை. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணை ஒன்று பென் டிரைவில் உண்டு. அது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானது. பழைய ஃபெட்32 முறையில் அதற்கு வழக்கமாக இரண்டு பிரதிகள் இருக்கும். பெரிய கொள்ளளவுள்ள பென் டிரைவுகளில் இப்போது காணப்படும் எக்ஸ்ஃபெட் முறையில் பொதுவாக ஒன்றுதான். அட்டவணை பாதியில் குலைந்தால், அன்று நாம் தொட்டே பார்க்காத கோப்புகளும் காணாமற் போகலாம்.

பத்திரிகை அலுவலக விளம்பரப் பகுதியில் இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். 31ஆம் நாள் நினைவஞ்சலிக்குத் தகப்பனாரின் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்த ஒரு பிள்ளையை எனக்கு நினைவிருக்கிறது. வரும் வழியில் ஒரு கொமினிகேசன் கடையில் படத்தைப் பிரதி எடுத்திருக்கிறார். 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்று கணனி மூன்று தடவை மறுத்திருக்கிறது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, கடைப் பையன் இழுத்துக் கொடுத்துவிட்டான். எங்கள் கணனியில் செருகியதும் 'ஃபோர்மட் செய்யவா?' என்ற கேள்விதான் வந்தது. நல்லவேளையாக, முகப்பில் இருந்தவர் அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை. கணனிப் பிரிவுத் தம்பி ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு படங்களை மீட்டார். அந்த மென்பொருள் அட்டவணையைப் பார்ப்பதில்லை, படங்களின் அடையாளத்தை வைத்தே தேடி எடுக்கும். ஆகையால் மீண்டவை எவற்றுக்கும் பழைய பெயர் இல்லை. நானூறுக்கு மேற்பட்ட படங்களுக்குள் தன் தகப்பனின் முகத்தை அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தேட, பக்கம் முடிக்கும் நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு நாங்கள் காத்திருந்தோம்.

கடைப் பையன் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு முன்னால் வந்த எச்சரிக்கையைச் சற்று வாசித்துப் பாருங்கள். கருவி பயன்பாட்டில் உள்ளது, அதைப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களையும் சாளரங்களையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள் என்கிறது அது. எந்த மென்பொருள்? எந்தச் சாளரம்? வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள், வெளியே அனுப்பிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, யார் என்பதைச் சொல்ல மறுக்கும் காவற்காரனைப் போன்றது இது. எல்லாவற்றையும் மூடியபின்னும் அதே பதில் வந்தால் மனிதன் இழுக்கத்தான் செய்வான்.

என் கோபத்துக்குக் காரணம், அந்தப் பெயர் பெரும்பாலும் கணனிக்குத் தெரியும் என்பதுதான். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்பதைத் திறந்து, 'விண்டோஸ் லொக்ஸ்' என்பதற்குள் 'சிஸ்டம்' என்ற பதிவேட்டைப் பாருங்கள். 'கேர்னல்-பிஎன்பி' என்ற மூலத்தின் கீழ் 225 என்ற இலக்கமுள்ள பதிவு இருந்தால், அகற்றுவதைத் தடுத்த மென்பொருளின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டில் குறிக்கத் தெரிந்த கணனிக்கு, பயனர் முன் வரும் பெட்டியில் அதே பெயரைக் காட்ட என்ன தடை? விண்டோஸில் நான் கண்ட எந்தப் பதிப்பிலும் அது காட்டப்படவில்லை. லினக்ஸின் ஜினோம் மேசைத்தளமோ, தடுத்து நிற்கும் மென்பொருள்களைப் பட்டியலிட்டே காட்டுகிறது. மைக்ரோசொப்டும் 2022இல் தனது பவர்டோய்ஸ் தொகுப்பில் 'ஃபைல் லொக்ஸ்மித்' என்றொரு கருவியைச் சேர்த்தது. ஒரு கோப்பையோ கோப்புறையையோ யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று அது சொல்லும். இலவசம்தான். ஆனால் தனியாகத் தேடித் தரவிறக்க வேண்டும். கொமினிகேசன் கடைக் கணனியில் அதை யார் நிறுவப் போகிறார்கள்?

பெயர் தெரிந்தால் அந்த மென்பொருளை மூடலாம். 'சிஸ்டம்' என்றே பெயர் வந்தால் சண்டை பிடிப்பதில் பயனில்லை. கணனியை அணைத்துவிட்டு, பென் டிரைவின் விளக்கும் அணைந்தபின் எடுப்பதே வழி. அதற்கு முன்னதாக, பென் டிரைவின் கோப்புறை திறந்திருக்கும் சாளரத்தை மூடிப் பாருங்கள். பாதித் தொல்லை அதனோடு தீரும். என்னிடம் கேட்கும் இளம் செய்தியாளர்களுக்கு நான் சொல்வது, பென் டிரைவில் வைத்து எதையும் திருத்தாதீர்கள் என்பதுதான். மேசைத்தளத்துக்குப் பிரதி செய்து, அங்கே திருத்தி, மூடி, பிறகு திரும்ப அனுப்புங்கள்.

ஏற்கெனவே குலைந்த பென் டிரைவை 'ஸ்கான் செய்து திருத்தவா?' என்று விண்டோஸ் கேட்டால் உடனே சம்மதிக்க வேண்டாம். வாசிக்க முடிகிற கோப்புகளை முதலில் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். திருத்தும் வேலை சில வேளைகளில் சிதறிய துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற கோப்புறைக்குள் வெறும் இலக்கமிட்ட கோப்புகளாகக் குவித்துவிடும். ஃபோர்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மீட்கும் வரை அந்தப் பென் டிரைவில் புதிதாக ஒன்றையும் எழுதக் கூடாது, மீட்ட படங்களையும் அதிலேயே சேமிக்கக் கூடாது.