மணியாச்சி தூத்துக்குடி ஆகாது

பெரியம்மாவின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். வீட்டு முன்னால் கட்டியிருந்த பிளக்ஸில் அவர் படத்துக்கு ஒரு பக்கம் ‘மண்ணில்’ என்று பிறந்த தேதி, மறுபக்கம் ‘விண்ணில்’ என்று இறந்த தேதி. கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. விண்ணுக்குப் போய்விட்டவர் இங்கே எப்படித் தூங்குகிறார் என்று பந்தலில் யாரும் கேட்கவில்லை. செய்தி கொடுக்க வந்த போதகரும் அந்தச் சிக்கலுக்குள் இறங்கவில்லை. “இங்கே கிடப்பது வெறும் கூடு. பறவை பறந்துவிட்டது. அம்மா இப்போது பரலோகத்தில் தூதர்களோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அழக் கூடாது” என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா, ஏதோ தப்புச் செய்து அகப்பட்டதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வெறும் கூடு நாற்பது வருஷம் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியது. மூன்று பிள்ளைகளைப் பெற்றது, படிக்க வைத்தது. பெட்டிக்குள் கோத்து வைத்திருந்த கைகளில் விரல்கள் இலை மடக்கும் வாக்கிலேயே வளைந்திருந்தன. அந்தக் கைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற பெரியம்மா யார்?

செத்தவுடன் ஆத்துமா உடம்பை உதறிவிட்டு மோட்சம் போய்விடும், அதோடு எல்லாம் நிறைவேறிவிடும் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை என்று ஊரே நினைக்கிறது. கிறிஸ்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மறுமையே கிடையாது என்பவரோடு எனக்கு இங்கே வழக்கு இல்லை. அது தனி வழக்கு. என் சண்டை வீட்டுக்குள்ளே. ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், அதில் ஆத்துமா பரலோகம் போகும் என்று ஒரு வார்த்தை இல்லை. சரீரம் உயிர்த்தெழும் என்றுதான் இருக்கிறது. நைசேயப் பிரமாணமும் மரித்தோர் எழுவதையும் வரப்போகும் உலகத்தையும்தான் எதிர்பார்க்கிறது. வாய் ஒன்றைச் சொல்ல, மனம் வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறது.

ஆதித் திருச்சபையில் இது சில்லறை விஷயமாக இருக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்து, ரோமில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஜஸ்டின், திரிஃபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். மரித்தோர் உயிர்த்தெழுதல் கிடையாது, செத்ததும் ஆத்துமா வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று சொல்பவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே எண்ண வேண்டாம் என்கிறார் அதில். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். போனால் எங்கள் சபையில் மிஞ்சுவது நாலைந்து பேர்தான். ஆனால் அன்று ஒருவரைச் சபைக்கு வெளியே நிறுத்தப் போதுமானதாக இருந்த கருத்து, இன்று அடக்க ஆராதனையில் ஆறுதலாக வழங்குகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது இது? பெரும்பங்கு கிரேக்கத்திலிருந்து. பிளேட்டோ காட்டும் சாக்ரடீஸ், நஞ்சுக் கிண்ணத்தைப் பதற்றமில்லாமல் வாங்கிக் குடிக்கிறார். உடம்பு சிறை, சாவு விடுதலை. அழுகிற பெண்ணை முன்னமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கெத்சமனேயில் இயேசு அப்படி இல்லை. வியர்த்துக் கலங்கி, இந்தப் பாத்திரம் நீங்காதா என்று மன்றாடுகிறார். இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் ஆஸ்கர் குல்மன் என்ற இறையியலாளர். 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில். அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. நம் மண்ணில் பிளேட்டோ கூடத் தேவைப்படவில்லை. உடம்பைக் கூடு என்றும் காற்றடைத்த பை என்றும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. பைபிளைத் தமிழாக்கியவர்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது. எபிரேயத்தில் ‘நெஃபெஷ்’ என்றால் தொண்டை, மூச்சு, உயிர், ஆள் என்று பல பொருள். அதற்கு ‘ஆத்துமா’ என்று போட்டார்கள். அந்தச் சொல் தன் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கிவிட்டது. ஆதியாகமத்தில் மண்ணால் செய்த மனிதனுக்குள் கடவுள் சுவாசத்தை ஊத, அவன் ஜீவாத்துமா ஆனான். அவனுக்குள் ஆத்துமா ஒன்றை வைத்துப் பூட்டியதாக அங்கே இல்லை. அதே எபிரேயச் சொல் அதற்கு முந்தின அதிகாரத்தில் மீனுக்கும் மிருகத்துக்கும் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பு ஜீவஜந்து என்று போட்டு நகர்ந்துவிடுகிறது.

உடனே கேட்பார்கள்: சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இன்றைக்கே பரதீசு என்று வாக்குக் கொடுத்தாரே? பவுல் உடம்பை விட்டுப் போய்க் கிறிஸ்துவோடு இருப்பது நல்லது என்றாரே? நியாயமான கேள்வி. செத்தவர்கள் கடவுளின் கையில் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பைபிள் பேசுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோடி காட்டிவிட்டு நகர்கிற பேச்சு. அதே பவுல் கொரிந்தியருக்கு ஒரு முழு அதிகாரத்தைச் செலவழித்து நீளமாக வாதாடுவது எதற்கு? மரித்தோர் எழுவதற்கு. வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழ் இருக்கும் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் கூட, இன்னும் எத்தனை காலம் என்று கேட்டுக் குரல் எழுப்புகின்றன. வந்து சேர்ந்துவிட்டவர் கேட்கும் கேள்வியா அது? மணியாச்சி சந்திப்பில் இறங்கித் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருக்கிறோம். நிழல் இருக்கிறது, டீ கிடைக்கிறது, கூட நல்ல ஆளும் இருக்கிறார். அதற்காக அந்தப் பிளாட்பாரத்தையே ஊர் என்று சொல்லிவிடுவோமா?

இந்தக் காத்திருப்பு ஒரு போப்பாண்டவரையே மாட்டிவிட்டது. அவிஞ்ஞோனில் இருந்த 22ஆம் ஜான், 1331இல் தொடங்கிய பிரசங்கங்களில், புனிதர்களின் ஆத்துமாக்கள் கூடக் கடைசித் தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாகப் பார்ப்பதில்லை என்றார். பாரிஸ் இறையியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1334இல் சாவுப் படுக்கையில் தன் கருத்திலிருந்து பின்வாங்கினார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல், சுத்திகரிக்க எதுவும் மிச்சமில்லாத ஆத்துமாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன என்று சாசனமே எழுதிவிட்டார். கத்தோலிக்கப் போதனையில் உயிர்த்தெழுதல் அதனால் போய்விடவில்லை. ஆனால் பேரின்பம் இப்போதே கைக்கு வந்துவிட்டால், உடம்பு பிறகு எதற்கு? சாதாரண விசுவாசியின் மனதில் அது மொய்க்கு மேல் வைக்கும் ஒற்றை ரூபாயாகிவிட்டது.

உயிர்த்த இயேசுவைப் பாருங்கள். ஆவி என்று பயந்த சீஷர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். கொடுத்த மீனை அவர்கள் முன்னாலேயே தின்கிறார். தோமாவைக் கூப்பிட்டுக் காயத்தைத் தொட்டுப் பார் என்கிறார். சென்னை சாந்தோம் பேராலயம் எழுந்திருப்பது அந்தத் தோமாவின் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்தில்தான். உடம்பைத் தொடாமல் நம்ப மாட்டேன் என்றவரின் பெயரால் கோயில் வைத்துக்கொண்டு, உடம்பு வெறும் கூடு என்று பிரசங்கம் பண்ணுகிறோம். ஆணித் தழும்பு புது உடம்பிலும் இருந்தது என்றால், பீடி இலை மடக்கிய விரலுக்கும் அங்கே ஏதோ கணக்கு இருக்க வேண்டும்.

எரித்துவிட்டால், கடல் மீன் தின்றுவிட்டால் எப்படி எழுப்புவார் என்று குயுக்தி பேசுபவர்களுக்குப் பவுல் விதையையும் பயிரையும் காட்டி அன்றே பதில் சொல்லிவிட்டார். எலும்பை எண்ணிப் பொறுக்கும் விவகாரம் இல்லை அது. 1886இல் தகனத்தைத் தடை செய்த கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அதற்கு இடம் கொடுத்ததும் அதனால்தான் முடிந்தது.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இறையியல் பிழையால் மட்டும் இல்லை. அது செய்யும் வேலையால். சாவைப் பவுல் கடைசிச் சத்துரு என்கிறார். நாமோ அதைப் பிரமோஷன் ஆர்டர் ஆக்கிவிட்டோம். பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்குப் போகும் முன் இயேசு அழுதார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அழுதார். அக்காவை அழாதே என்று சொல்ல இந்தப் போதகர் யார்?

இன்னொரு வேலையும் செய்கிறது. இந்த மண் எப்படியும் விட்டுவிட்டுப் போகிற இடம்தானே என்று சொல்லிக் கொடுக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிக் காட்சியில் மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது, கடவுள் மனிதரிடத்தில் வந்து தங்குகிறார். அதை நம்புகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் கட்டுவார்களா? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரித்துக் கட்டிய சுவர் பல காலமாகச் சர்ச்சைக்குரியது. ஆத்துமாதான் பறந்துவிட்டதே, கூட்டை எங்கே புதைத்தால் என்ன என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள். இங்கே புதைத்த இதே உடம்புகள் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுந்து நிற்கும் என்று மெய்யாகவே நம்பினால், சுவருக்கு முதல் செங்கல் எடுத்து வைக்கக் கை கூசியிருக்கும்.

பெரியம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது வெயில் சாய்ந்துவிட்டது. போதகர் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சுருக்கமாக ஜெபித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது குழி வெட்டியவர் சத்தம் போட்டு நிறுத்தினார். தலைமாட்டைத் தப்பான பக்கம் பிடித்துவிட்டோமாம். இறக்கியதை மேலே தூக்கித் திருப்பினோம். தலை மேற்கே, கால் கிழக்கே. இந்த நேரத்தில் இது என்ன பெரிய விஷயம் என்று சின்ன மாமா முணுமுணுத்தார்.

“எந்திரிக்கும்போது கெழக்க பாத்துல்லா எந்திரிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் குழி வெட்டியவர் மண்வெட்டியை எடுத்தார்.