தேவதாஸின் பிணத்தைத் தூக்கியவர்கள்

பணக்காரன் காதலை இழந்தால் அதைக் காவியம் என்கிறோம். அந்தக் காவியங்களை எங்களால் இனி அமைதியாகப் படிக்க முடியவில்லை.

சொத்தும் ரகசியமும் சோகமும் சேர்ந்த ஓர் ஆண் இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வருகிறான். வங்கத்தில் அவன் பெயர் தேவதாஸ், ஜமீன் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் கேட்ஸ்பி, கள்ளச்சாராயத்தில் வந்த பணத்தைப் பற்றி வாய் திறக்காத கோடீஸ்வரன். கைவிட்டுப் போன ஒரு பெண்ணையே நினைத்து இருவரும் அழிகிறார்கள். 1953-இல் நாகேஸ்வர ராவ் நடித்த படம் வந்ததிலிருந்து தாடியும் பாட்டிலும் நம் ஊர்க் காதலனுக்கும் ஒட்டிக்கொண்டன. இப்போது ‘சூப் பாய்’ என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில், மலையிலிருந்து இறங்கிவரும் மாணவர்களும் சேந்தமங்கலம் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து புத்தகம் படிக்கிறோம். இந்த இரண்டு நாவல்களையும் அங்கே எடுத்தோம். “பாவம்க்கா, நெசமாவே லவ் பண்ணியிருக்கான்” என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். சரி, அவர்களைப் பிரித்தது யார் என்று கேட்டோம். “விதி” என்றார்கள்.

விதியா? 1917-இல் வந்த சரத்சந்திரரின் நாவலைப் பாருங்கள். பார்வதியும் பிராமணப் பெண்தான். ஆனால் பெண் கொடுக்கப் பணம் வாங்கும் குடும்பம், அதனால் ஒரு படி கீழே. தேவதாஸ் வீட்டார் மறுத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் அவன் அறைக்கே வந்து அவள் கேட்கிறாள். அப்பாவை மீற அவனுக்குத் துணிச்சல் இல்லை. பிறகு வந்து தூண்டில் கோலால் அவள் நெற்றியில் அடித்துக் காயப்படுத்துகிறான். இதற்குத்தான் அமரக் காதல் என்று பெயர்!

கடைசிப் பக்கத்துக்கு வருவோம். அவள் வீட்டு வாசலில் அவன் செத்துப்போகிறான். பிராமணன் உடல் என்று தெரிந்தும் அந்தக் கிராமத்தில் தொட ஆளில்லை. சண்டாளர்கள் வந்து கட்டித் தூக்கிப்போய், வற்றிய குளக்கரையில் அரைகுறையாக எரித்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு நாவலில் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஓரிரு வரிதான். அதுவும் எதற்கு? நம் கை பட்டதுதான் அவன் வீழ்ச்சியின் அடிமட்டம் என்று காட்டுவதற்கு. லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கதைக்கு அழுதிருக்கிறார்கள். பிணம் தூக்கியவர்களுக்காக அழுதவர்களை நாங்கள் பார்த்ததில்லை.

கேட்ஸ்பி எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கம். ஏழை விவசாயியின் மகன், பெயரையே மாற்றிக்கொண்டவன். பணம் வந்தால் பிறப்பு மறைந்துபோகும் என்று நம்பினான். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு அந்த ரகசியம் புரியும். ஆனால் 1925-இல் வந்த அந்த நாவலிலும் கார் ஏறிச் சாகிறவள் ஒரு மெக்கானிக்கின் மனைவி. கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டு அந்த மெக்கானிக்கும் சாகிறான். காரை ஓட்டிய டெய்சி கணவனோடு பத்திரமாக ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

இதை வெறும் இலக்கியச் சண்டை என்று நினைக்காதீர்கள். 2015 ஜூன் 23 அன்று, இதே நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோடு கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல். கூடவே தற்கொலைக் கடிதம். கொன்றவர்களுக்கு நம்மைத் தெரியும். இளைஞனின் உடலும் ஒரு கடிதமும் கிடந்தால் போதும், ‘காதல் தோல்வி’ என்று மீதிக் கதையை ஊரே எழுதிக்கொள்ளும். இத்தனை வருடம் தேவதாஸுக்கு அழுது பழகிய ஊர் அல்லவா? அவருடைய தாய் அந்தக் கதையை ஏற்கவில்லை. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜின் தண்டனையை 2023-இல் உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது.

தருமபுரி இளவரசனின் சாவையும் காதல் தோல்வி என்றே பலர் பேசினார்கள். அவர் காதலித்த பெண்ணையே மணந்தவர். அந்தத் திருமணத்துக்காக 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி கொளுத்தப்பட்டது. 2013 ஜூலை 4 அன்று ரயில் பாதையோரம் அவர் உடல் கிடந்தது. இதில் எந்தக் காதல், யாரிடம் தோற்றது?

கவிதை எழுதுகிறவர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். சோகத்தை எழுதாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் காதலித்து இழக்கிறார்கள், அதை எழுதாமல் எப்படி? பிரித்தது சாதிச் சங்கமா, அப்பாவா, ஊர்ப் பஞ்சாயத்தா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் படிக்கப்போகிறோம். எங்களிடம் இருப்பது ஒரே பிரதி. வருகிறவர்கள் இன்னொன்று கொண்டுவந்தால் நல்லது.