கால்நடை மருத்துவமும் சேது நாட்டுக் கிடைகளும்

கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞரை நோக்கி, “இனி என்ன செய்யப் போகின்றீர்?” என வினவுவோமாயின், பெரும்பாலார் இரண்டு விடைகளுள் ஒன்றையே கூறுவர். அரசுப் பணித் தேர்வெழுதிக் காத்திருப்பேன் என்பது ஒன்று. சென்னை, கோவை முதலிய நகரங்களிலே நாய் பூனைகளுக்கு மருத்துவம் செய்யும் நிலையம் ஒன்றிற் சேர்வேன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இழிந்தன என்று கூற யான் முன்வரவில்லை. ஆயின் மூன்றாவது வழியொன்று நம் இராமநாதபுரக் கடற்கரை நாட்டிலே திறந்து கிடக்கின்றது. அதனை ஏறெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வழியைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு ஆட்டு மருத்துவத்தில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டென வகுப்பறையிலே கற்றுவிட்டு, அச்செல்வம் நோயுற்றால் அதனை உடையவன் யாரிடம் ஓடுவான் என்று கேளாதிருத்தல் எங்ஙனம்?

கால்நடை மருத்துவக் கல்வி என்பது பணிமனை நாற்காலிகளை நிரப்புவதற்காகத் தோன்றியதன்று. 1761-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரிலே உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றபோது, ஐரோப்பாவின் மாடுகளை வெக்கை நோய் வாரிக்கொண்டு போயிற்று. நம் மாகாணத்திலே 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1935-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. 1989-இல் தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. அந்த வெக்கை நோயோ 2011-இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் வேரோடு களைந்த நோய் அஃதொன்றே. ஊசியையும் மருந்துப் பெட்டியையும் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்தவர்களே அவ்வெற்றிக்கு உரியர்.

இன்றைய பட்டதாரியின் நிலையைச் சிறிது நோக்குவோம். ஐந்தரை ஆண்டு படித்து, அதில் ஓராண்டு பயிற்சியும் முடித்து, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் பெயரைப் பதிவுசெய்துகொள்ளுகிறார். பின்பு தேர்வாணையத்தின் அறிவிப்பை எதிர்நோக்குகிறார். 2019-இல் கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்கள் 1,141-க்கு அறிவிப்பு வந்தது உண்மையே. ஆயின் அத்தகைய அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதன்று. காத்திருக்குங் காலத்திலே அவர் செய்வது யாது? பழைய வினாத்தாள்களைப் புரட்டுகிறார். கருப்பையில் குறுக்கே கிடக்கும் கன்றைத் திருப்பி வெளியெடுக்கக் கற்ற கை வினாத்தாளைப் புரட்டிக்கொண்டே அத்திறத்தை மறக்கின்றது. மருத்துவனது கல்வி கையில் இருப்பது. கைக்கு வேலையின்றேல் அது நாளடைவில் தேய்ந்தொழியும். அரசுப் பணியை அவாவுதல் குற்றமன்று. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருத்தலே குற்றம் என்பேன்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே செம்மறிகள் ஏறத்தாழ 45 இலட்சம். வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 இலட்சம். இராமநாதபுரத்து வெள்ளை என்றும், கீழக்கரிசல் என்றும் பெயர் பெற்ற செம்மறி இனங்களும், நெடிய கால்களையுடைய கொடியாடும் நம் வறண்ட மண்ணிலே வாழ்வன. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கங்களிலே மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு குடும்பம் அடுப்பெரிக்க முடிகின்றதென்றால், அதற்கு ஆடே காரணம். கடலோரத்திலும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாத தடைக்காலத்திலே, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வீட்டுக்கொல்லையில் நிற்கும் இரண்டு வெள்ளாடுகளே பள்ளிக்கூடச் சம்பளமாகவும் மருத்துவச் செலவாகவும் மாறுகின்றன. வங்கியிற் கணக்கில்லாதார்க்கு அவையே வங்கி.

நம் ஆடுகள் ஓரிடத்தில் நிற்பனவுமல்ல. அறுவடை முடிந்தபின் கீதாரிகள் பல குடும்பத்து ஆடுகளை ஒன்றுசேர்த்துத் தஞ்சைத் தரணிக்கு ஓட்டிச் செல்வர். பகலெல்லாம் அறுத்த வயலில் மேய்த்து, இரவிலே ஒரு நிலக்கிழாரின் வயலில் கிடை போடுவர். ஆட்டின் புழுக்கையும் நீரும் வயலுக்கு எருவாகும். அதற்குப் பணமாகவோ நெல்லாகவோ கூலி பெறுவர். மறுநாள் வேறு வயல். கால்நடை என்னும் சொல்லை இதனினும் பொருந்தப் பயன்படுத்தும் இடம் யான் கண்டதில்லை. நோயாளி நடந்துகொண்டே இருக்க, மருத்துவமனை ஓரிடத்திலே நிற்கின்றது. காலையிற் கதவு திறக்கும்போது கிடை மூன்று கல் தொலைவு சென்றிருக்கும். 1962 என்னும் எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி பெரிய நன்மையே. ஆயின் அஃது ஆபத்துக் காலத்துத் துணை. மந்தைக்கு வேண்டுவது ஆபத்து வருமுன் காக்கும் மருத்துவமாகும்.

துள்ளுமாரி என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். மழைக்குப்பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த குட்டி, திடீரெனத் துள்ளி விழுந்து இறக்கும். மந்தையிலே கொழுத்த குட்டியே முதலிற் போகும். குடலில் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர் அளவிறந்து பெருகி நஞ்சைக் கக்குவதே காரணம். நோய் கண்டபின் மருந்திடுவதற்கு நேரமிராது; மழைக்கு முன்னரே தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோயும் அத்தகையது. ஒழிந்துபோன வெக்கை நோய்க்கு அது நெருங்கிய உறவு. மூக்கும் கண்ணும் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து ஆடு சாகும். அதனையும் 2030-க்குள் உலகினின்று ஒழிப்பதென உலக நாடுகள் உறுதி பூண்டிருக்கின்றன. அவ்வுறுதி நிறைவேறுவதும் தவறுவதும் நடந்து திரியும் கிடைகளைத் தடுப்பூசி எட்டுவதைப் பொறுத்தது.

இங்கே தமிழ் மாணவன் ஒரு சொல் கூற இடமுண்டு. துள்ளுமாரி, கோமாரி, அடைப்பான், சப்பை, நீலநாக்கு என நம் மக்கள் இட்ட பெயர் ஒவ்வொன்றும் நோயின் குறியையோ கொடுமையையோ உணர்த்துவதாகும். மாரி என்பது சாவு. கோவுக்கு வரும் மாரி கோமாரி. துள்ளி விழச் செய்யும் மாரி துள்ளுமாரி. நோயாளி வாய் பேசாது, கீதாரிதான் பேசுவான். அவன் “நேத்து அந்தியிலே மந்தைக்குப் பின்தங்கிச்சு, அசை போடலே” என்று கூறுவதிலே பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. நகரத்து நிலையத்தில் அயல்மொழிப் பெயர்களை மட்டுமே கேட்டுப் பழகிய இளைஞர்க்கு அச்சொற்கள் காதில் விழும், பொருள் விழாது. சென்ற தலைமுறையினர் ஏட்டிலெழுதிய மாட்டு வாகடங்களை யாவும் மெய்யென ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் அவற்றின் சொற்களை அறிந்திருத்தல் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.

இன்று மருத்துவர் இல்லாத இடத்தை நிரப்புவார் யார்? மருந்துக் கடைக்காரரும், ஊசி போடத் தெரிந்த யாரோ ஒருவரும். அரை அளவு மருந்தை மூன்று ஆட்டுக்குப் பகிர்வதும், காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஒரே ஊசியைக் குத்துவதும் நடக்கின்றன. மருந்தின் கேடு விலங்கோடு நில்லாது என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சான்று. மாட்டுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவிலே அவற்றைப் பெரும்பாலும் அழித்தே விட்டது. அதன்பின்னரே 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தனர்.

“எல்லாம் சரி, வயிற்றுக்கு வழி என்ன?” என்பர். நியாயமான கேள்வியே. ஆடு நோயுற்றபோது ஒருமுறை வந்து கூலி வாங்கும் முறை நம் நாட்டிற்குப் பொருந்தாது. ஓர் ஆட்டைப் பார்க்க நாற்பது கல் போய்வர முடியாது. மந்தைக்குத் தலைக்கணக்கில் ஆண்டுக்கட்டணம் வைத்தலே பொருந்தும். மந்தைக்கு 250 ஆடு வீதம் எட்டு மந்தைகள் சேர்ந்தால் 2,000 ஆடுகள். ஆட்டுக்கு ஆண்டொன்றுக்கு 60 ரூபாய் எனக் கொள்ளின் 1,20,000 ரூபாய். இத்தகைய கூட்டம் மூன்றினை ஒரு மருத்துவர் ஏற்பாராயின் மாதம் 30,000 ரூபாய். மருந்தின் விலை தனி. இஃது என் மனக்கணக்கே. கூட்டியும் குறைத்தும் கொள்க. நகரத்து ஊதியத்தோடு ஒப்பிட்டால் குறைவென்பதையும் மறைக்கவில்லை. வளர்ந்த ஆடு ஒன்றின் விலை இன்று பல ஆயிரம் ரூபாய். ஒரு மந்தையில் ஆண்டுக்கு மூன்று ஆடுகள் சாவினின்று தப்பினாலே அம்மந்தைக்குரிய கட்டணம் 15,000 ரூபாயும் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆட்டு வைத்தியம் இலவசமாகவே கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருப்பதே இதற்குப் பெருந்தடை. ஆயினும் கிடைக்கூலியைத் தலைக்கணக்கிட்டுப் பேசத் தெரிந்த கீதாரிக்குத் தலைக்கணக்கிலே மருத்துவக் கட்டணம் பேசுதல் புதுமையன்று.

பட்டம் பெற்ற மறுநாளே இதிற் புகவேண்டும் என்று யான் சொல்லேன். முதலிரண்டு ஆண்டுகள் முதிர்ந்த மருத்துவர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிதல் இன்றியமையாதது. அறுவைக்குக் கை பழக வேண்டுவோர் தெருநாய்க் கருத்தடைப் பணியிற் சேரலாம். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கும் அப்பணியிலே நாள்தோறும் ஒரே அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்புண்டு. வெறிநோய்த் தடுப்பும் உடன் நடைபெறும். இராமேசுவரம் போன்ற யாத்திரைத் தலங்களிலே வீதியில் அலையும் பசுக்கள் உணவோடு விழுங்கும் நெகிழிப் பைகளை வயிறு திறந்து அகற்றுதலும் அரிய பயிற்சியே. இவை யாவற்றினும் மேலாக, இறந்த ஆட்டை அறுத்துப் பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். ஒரு பிணம் உரைக்கும் உண்மையாலே உயிரோடிருக்கும் இருநூறு பிழைக்கும். யானைகளுக்கு வாழ்நாளையே அளித்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டிலே இறந்த யானைகளை நாற்றம் பொறுத்து அறுத்துச் சாவின் காரணங் கண்டவர். அவரைப் பற்றி ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையை நம்மிற் பலர் கண்ணீரோடு வாசித்திருக்கிறோம். வெள்ளாட்டு டாக்டரைப் பற்றி ஒரு கதையை யான் இன்னும் வாசித்ததில்லை. யானைக்கு உள்ள கம்பீரம் ஆட்டுக்கு இல்லை போலும்!

வீட்டாரின் மனப்பான்மையையும் சொல்லியாக வேண்டும். என் பள்ளித்தோழன் ஒருவனுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடங் கிடைத்தபோது, அவன் வீட்டில் ஒருவர், “மனுஷ டாக்டருக்கு மார்க்கு பத்தலையாக்கும்” என்றார். அவ்வீட்டின் கல்விச் செலவை ஈடுகட்டியதே ஆடு விற்ற பணந்தான். நம் மாவட்டத்தில் அக்கல்லூரி ஒன்றும் இல்லாமையால், நெல்லைக்கோ தேனிக்கோ ஒரத்தநாட்டிற்கோ போய்ப் படிக்கும் நம் பிள்ளைகள், படித்து முடித்தபின் திரும்பி வருவதற்கு ஒரு காரணமாவது வேண்டாவா?

தலைக்கட்டண முறையிலே ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. மந்தை தஞ்சைக்குச் சென்றபின் முதுகுளத்தூர் மருத்துவர் அதனை எங்ஙனம் பார்ப்பார்? மந்தைக்கொரு சிறு கணக்கேட்டை வைத்து, போட்ட ஊசி, கொடுத்த மருந்து, இறந்த ஆடு யாவற்றையும் தமிழிலே எழுதிக் கீதாரியின் கையிற் கொடுத்தனுப்பலாம். கிடை இறங்கும் ஊரிலுள்ள மருத்துவர் அதனைப் பார்த்து மேற்கொண்டு செய்வார். அவருக்குரிய பங்கை இவர் அளிக்கலாம். ஒரத்தநாட்டுக் கல்லூரி அவ்வழியிலேயே இருக்கின்றது.