காலணாத் தாள்

ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' என்ற நாலு பக்கத் தாள் இந்த ராயப்பேட்டையிலிருந்துதான் கிளம்பியது. ஒரு பைசா என்றால் அந்தக் காலத்துக் காலணா. எழுதியவர் அயோத்திதாசப் பண்டிதர். நாடி பிடித்து மருந்து கொடுத்த அதே கையால் வாராவாரம் எழுதினார். புத்தரைப் பற்றி, சாதியின் பித்தலாட்டம் பற்றி, அரிச்சந்திரன் கதையின் பொய் பற்றி, நந்தன் சரித்திரத்தின் தந்திரம் பற்றி.

மயிலாப்பூரில்தான் படித்தேன். ஒரு வாத்தியார்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வரிசையாகத் திருவள்ளுவர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், குறள் ஒப்பித்தோம். பட்லராக இருந்த தன் பாட்டன் கந்தப்பன், ஆரிங்டன் துரை மூலமாக எல்லிஸ் துரையிடம் அந்தக் குறள் ஏட்டைச் சேர்த்தார் என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறாரே, அதை ஏன் மறைத்தீர்கள்? பகவன் என்ற பிராமணனுக்கும் ஆதி என்ற புலைச்சிக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்ற கதையை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டார். எங்களுக்கோ கதையைச் சொன்னார்கள், பிரித்தவரைச் சொல்லவில்லை.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டம். விஷ்ணு கோயிலுக்குள் எங்களை ஏன் விடமாட்டீர்கள் என்று எழுந்து கேட்டார் பண்டிதர். சபையே கொதித்தது. உங்களுக்குத்தான் மதுரைவீரனையும் காட்டேரியையும் கொடுத்திருக்கிறோமே என்றார் தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி. கொடுத்தார்களாம்! சாமியைக்கூட மிச்சம் மீதிபோல் அளந்துபோட்ட அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. அப்படிப்பட்ட சாமிகளே எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்களுக்கு நிலமும் கொடுங்கள் என்றார் அவர். ஆறு வருஷம் கழித்து, அடையாறு பிரம்மஞான சபையின் ஆல்காட்டோடு கொழும்புக்குக் கப்பலேறிப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது.

திராவிடம் என்றால் நீதிக்கட்சி பிறந்த 1916இலிருந்து கதை சொல்கிறீர்கள். 1891லேயே நீலகிரியில் திராவிட மகாஜன சபை கூட்டியவர் யார்? மக்கள்தொகைக் கணக்கில் சாதியற்ற திராவிடர் என்று எழுதுங்கள் என மன்றாடியவர் யார்? உழுதவன் ஒருவன், களத்தில் அளந்துகொண்டு போனவர்கள் வேறு.

சுதேசிகளைத் திட்டினார், வெள்ளைக்காரனை மெச்சினார், அதனால்தான் ஒதுக்கினோம் என்பார்கள். மெச்சினார்தான். தன் ஜனத்துக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவனை மெச்சாமல் யாரை மெச்சுவது? வெள்ளைக்கார கவர்னர் மன்றோவே தீவுத்திடல் பக்கம் சிலையாகக் குதிரையேறி நிற்கிறார், அவர் யாருக்கும் உறுத்தவில்லை.

1914 மே 5இல் பண்டிதர் கண்மூடினார். மகன் கொஞ்சநாள் நடத்திய பத்திரிகையும் நின்றது. பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவரும் எடுத்து நடத்த முன்வரவில்லை. கோலார் தங்கவயலில்தான் 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி எழுப்பினார். சுரங்கத்தில் இறங்கித் தங்கம் வெட்டிய கூலி ஜனங்கள் அந்தத் தாள்களைக் காப்பாற்றி, சித்தார்த்த புத்தகசாலை என்று வைத்துப் பண்டிதருடைய புத்தகங்களை அச்சும் போட்டார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவர் எழுத்துகள் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தொகுதியாக வெளிவந்தன 1999இல். எண்பத்தைந்து வருஷம்! அதற்குள் என் அப்பன், பாட்டன் இரண்டு தலைமுறையும் தங்களுக்கு ஒரு எழுத்தாளன் இருந்தான் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தது.

2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். போனேன், அழுதேன், மறுக்கவில்லை. மாலை மரியாதையெல்லாம் நடக்கட்டும். ராயப்பேட்டையிலோ கோலாரிலோ உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், 'தமிழன்' என்று தலைப்புப் போட்ட மஞ்சளேறிய தாள் ஒன்று கிடந்தால், ஐயா, அம்மா, அதை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.