உறைகுளிரில் ஒரு மூலக்கூறு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள், அவற்றுக்கான உதிரி பாகங்கள். அளவு துளி பிசகினாலும் பாகத்தை ஒதுக்கிவிடும் வட்டாரம் இது. இந்தத் திறமை வண்டி செய்ய மட்டும்தானா? அறிவியல் கருவி செய்ய உதவாதா?

குளிர் அயனிப் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு. பாத்திரத்தில் அடைத்தால் சுவரில் பட்டு மின்னேற்றம் போய்விடும். அதனால் வெற்றிடத்தில், மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தால் அதை அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். இதைக் கண்டுபிடித்த வொல்ஃப்காங் பவுலுக்கு 1989-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஏன் குளிர்விக்க வேண்டும்? சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறு சுழன்றும் அதிர்ந்தும் ஆட்டம் போடும். அது எந்த நிற ஒளியை உறிஞ்சுகிறது என்பது குழம்பிவிடும். உள்ளே குளிர்ந்த ஹீலியம் வாயுவை விட்டால், மோதி மோதி ஆட்டம் அடங்கும். ஒளிக்கோடு தெளிவாகும்.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. விண்மீன்களின் ஒளியில் இனம் தெரியாத சில கறைக்கோடுகள் இருப்பதை மேரி லீ ஹெகர் 1922-ல் வெளியிட்டார். இன்று அப்படி 500-க்கும் மேல் உண்டு. அவற்றில் இரண்டுக்குக் காரணம் பந்து வடிவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் அயனியாக இருக்கலாம் என்று 1994-ல் சொன்னார்கள். நிரூபிக்க 2015 வரை ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அந்த அயனியைச் சுமார் மைனஸ் 267 டிகிரிக்குக் குளிர்வித்து, அதன்மேல் ஒரு ஹீலியம் அணுவை ஒட்டவைத்தார்கள். சரியான நிற லேசர் பட்டதும் ஹீலியம் கழன்றுகொண்டது. அந்த நிறமும் வானத்துக் கோடும் பொருந்தின!

பயன்பட்ட பொறி எவ்வளவு பெரியது தெரியுமா? டீட்டர் கெர்லிஹ் வகுத்த அந்த அமைப்பில் 1 மி.மீ. தடிமனுள்ள 22 எஃகுக் கம்பிகள், 1 செ.மீ. அகல வட்டத்தைச் சுற்றி நிற்கும். அவ்வளவுதான். பம்பும் லேசரும் குளிரூட்டியும் விலை அதிகம், உண்மை. ஆனால் பொறி ஒரு நல்ல லேத் பட்டறையின் வேலை.

இந்தியாவில் முடியாததும் அல்ல. பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் ரங்வாலா குழுவினர், பொறியில் பிடித்த ருபிடியம் அயனிகளைக் குளிர்ந்த ருபிடியம் அணுக்களாலேயே குளிர்வித்துக் காட்டி 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

கடைசி வருடத்தில் காசு கொடுத்து பிராஜெக்ட் வாங்கும் பழக்கம் பொறியியல் கல்லூரிகளில் ஊரறிந்த ரகசியம். அதற்குப் பதில், தூசித் துகளை அந்தரத்தில் நிறுத்தும் எளிய பவுல் பொறியைச் செய்யச் சொல்லலாம். குளிரூட்டி வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். ஒரு வளையம், இரண்டு மூடிகள், சில ஆயிரம் வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் போதும். உயர் மின்னழுத்தம் என்பதால் ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

யாரோ வரைந்த படத்துக்குப் பாகம் செய்வது பிழைப்பு. சொந்தமாக ஒரு கருவி செய்யத் தெரிந்தவன்தான் நாளைக்குப் படத்தையே வரைவான். அதற்கான பட்டறைகள் இந்தச் சாலையில் இருக்கின்றன. கல்லூரிகள்தான் கதவைத் தட்ட வேண்டும்.