டெவலப்மென்ட் சூழல்களுக்குச் சொந்த கிளவுட்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மென்பொருள் எழுதவும் சோதிக்கவும் வேண்டிய கணினிச் சூழல்களைச் சொந்த கிளவுடில் தானியக்கமாக எழுப்பி, தானியக்கமாகவே அழிக்கும் முறையை எங்கள் சங்கம் ஆதரிக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. டெவலப்பர் டிக்கெட் போடாமல், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்காமல், சில நிமிடங்களில் தனக்கு வேண்டிய சூழலைத் தானே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் ரேக்கில் எத்தனை சர்வர் இருந்தாலும் அதைக் கிளவுட் என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

இந்த அளவுகோல் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை, கிளவுடுக்கு ஐந்து அடிப்படைக் குணங்களைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது, பயனர் வேண்டியபோது தானே பெற்றுக்கொள்வது. நம் அலுவலகங்கள் பலவற்றில் நடப்பது வேறு. சிஸ்டம் அட்மினுக்கு மெயில், மேனேஜரின் ஒப்புதல், பிறகு இரண்டு நாள் நினைவூட்டல். மெஷின் வந்து சேரும்போது வேலை வேறு பிராஞ்சுக்குப் போயிருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரத்தைப் பாருங்கள். ரீட்மீ கோப்பில் போஸ்ட்கிரெஸ் 12 என்று இருக்கிறது. புரொடக்‌ஷனில் ஓடுவது 15. மைக்ரேஷன் பாதியில் நிற்கிறது. பக்கத்து சீட் சீனியர் வந்து, "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லிவிட்டு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைச் சேர்க்கிறார். ஓடிவிடுகிறது. அந்த வேரியபிள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அடுத்து சேர்பவரும் அதே இடத்தில் நின்று அதே சீனியரைக் கூப்பிடுவார்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறையில், டேட்டாபேஸ் பதிப்பு முதல் அந்த வேரியபிள் வரை எல்லாம் கோடோடு சேர்ந்து கிட்டில் இருக்கும் ஒரு வரையறைக் கோப்பில் எழுதப்பட வேண்டும். பிராஞ்ச் தொடங்கியதும் பைப்லைன் அதைப் படித்து, முன்பே தயாரித்துவைத்த இமேஜிலிருந்து விர்ச்சுவல் மெஷினையோ கன்டெய்னர்களையோ எழுப்பி, சோதனைத் தரவை ஏற்றி, முகவரியைக் கையில் கொடுக்கும். பிராஞ்ச் மெர்ஜ் ஆனதும் அல்லது கெடு முடிந்ததும் சூழல் அழியும். எழுப்புவதில் எல்லோருக்கும் ஆர்வம். அழிக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. 'டெஸ்ட் நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் 16 ஜிபி ரேமைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் மெஷின் யாருடையது என்று கேட்டால், "இருக்கட்டும் சார், யாராவது யூஸ் பண்ணுவாங்க" என்ற பதில்தான் வரும். எனவே உரியவர் பெயரும் காலாவதி நேரமும் இல்லாமல் எந்தச் சூழலும் உருவாகக் கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

வாடகைக் கிளவுடே போதாதா என்று கேட்கும் உறுப்பினர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட கம்பெனிக்கு எங்கள் பதிலும் வாடகைதான். வேலை ஏறி இறங்கும் இடத்திலும் அப்படியே. ஐம்பது, நூறு டெவலப்பர்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்படுத்தும் இடத்தில் கணக்கு மாறுகிறது. பேஸ்கேம்ப்பை நடத்தும் 37சிக்னல்ஸ், 2022இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவானதாகக் கணக்கைப் பொதுவில் வைத்துவிட்டுச் சொந்த சர்வர்களுக்கு மாறியது. அவர்களிடம் அனுபவமுள்ள ஆபரேஷன்ஸ் குழு ஏற்கெனவே இருந்தது. அதை மறந்துவிட்டு அவர்களைப் பின்பற்றக் கூடாது.

நம் அளவுக்கு ஒரு கணக்கு. 64 கோர், 512 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வர். ஒரு சூழலுக்கு 4 விர்ச்சுவல் சிபியு, 8 ஜிபி ரேம். ஹோஸ்டுக்கு 64 ஜிபி ஒதுக்கினால் மீதியில் 56 சூழல்கள் அடங்கும். அவை கேட்கும் 224 சிபியு, இருக்கும் கோர்களைப் போல மூன்றரை மடங்கு. கோட் எழுதுபவரின் சிபியு பெரும்பாலும் சும்மா இருப்பதால் இது தாங்கும். ரேம் தாங்காது. ஓப்பன் சோர்ஸ் கிளவுட் தளமான ஓப்பன்ஸ்டாக் நெடுங்காலம் சிபியுவை 16 மடங்கும் ரேமை ஒன்றரை மடங்கும் பங்கிடும் இயல்பமைப்போடு வந்தது. ரேமை ஒரு மடங்குக்கு மேல் பங்கிட வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. இரண்டு சர்வர் போதும் என்று கணக்கு வந்தால் மூன்று வாங்குங்கள். ஒன்று பழுதாகும் நாள் வரும்.

வாடகை மெஷினை இரவில் அணைத்தால் பணம் மிச்சம். சொந்த சர்வரை அணைத்தால் கரண்ட் பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்; போட்ட முதல் போட்டதுதான். வாரத்தின் 168 மணி நேரத்தில் அலுவலக நேரம் 50ஐத் தாண்டுவதில்லை. மீதி நேரத்தில் டெவலப்பர் சூழல்களை நிறுத்திவைத்து, பகலில் ஓட்ட முடியாத நீண்ட சோதனைகளை அதே இடத்தில் ஓட்டாத கம்பெனி, சர்வர் வாங்கியதன் பாதிப் பயனை விட்டுவிடுகிறது.

தளம் ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும். விஎம்வேரை வாங்கிய பிராட்காம், 2023 டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாஷிகார்ப், சூழல்களைக் கோடாக எழுதி எழுப்பும் தன் டெராஃபார்ம் கருவியின் லைசென்ஸை மாற்றியபோது நிலைமை அவ்வளவு மோசமாகவில்லை. அதுவரை வெளியான கோட் திறந்த லைசென்ஸில் இருந்ததால், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓப்பன்டோஃபு என்று அதைத் தனியே தொடர முடிந்தது. ஓப்பன்ஸ்டாக்கை நாசாவும் ராக்ஸ்பேஸும் 2010இல் தொடங்கின. செர்ன் ஆய்வகம் 2013 முதல் அதில் தன் கிளவுடை நடத்துகிறது. ஆனால் மூன்று சர்வருக்கு ஓப்பன்ஸ்டாக் பெரும் பாரம். பிராக்ஸ்மாக்ஸ் போன்ற எளிய தளம் போதும்.

அழிக்கும் அதிகாரத்தைப் பைப்லைனிடம் கொடுக்கும்போது எல்லையும் போட வேண்டும். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்கு தாக்குபவர் கையில் சிக்கியது. பேக்கப்பும் அதே கணக்கில் இருந்ததால் பெரும்பகுதி அழிந்து, நிறுவனமே மூடப்பட்டது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்தார். பேக்கப் ஏற்பாடுகள் கைவிட்டன. ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங் சூழலுக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. பேக்கப் வேறு கணக்கில், வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். அதை மீட்டுப் பார்க்கும் வேலையும் தானியக்கமாக நடக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னை உறுப்பினர்களிடம் ஜெனரேட்டரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வர் நம் கட்டடத்தில்தானே இருக்கிறது என்று வாடிக்கையாளர் தரவை அப்படியே சோதனைச் சூழலில் இறக்கும் பழக்கத்தை எதிர்க்கிறோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. பெயர், போன் நம்பர், ஆதார் ஆகியவற்றை மறைத்த பிறகே தரவு டெவலப்பரிடம் போக வேண்டும். மறைக்கும் ஸ்கிரிப்டும் கிட்டில்தான் இருக்க வேண்டும்.

இதனால் சிஸ்டம் அட்மின் வேலை போய்விடும் என்ற அச்சம் கூட்டங்களில் எழுந்தது. தளத்தைப் பராமரிக்க, இமேஜ்களைப் புதுப்பிக்க, செக்யூரிட்டி பேட்ச் போடக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவில் போனால் மற்றவர் இருக்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். ஆள் குறைக்கும் திட்டமாக இதைக் கையில் எடுக்கும் நிர்வாகங்களுக்கு எங்கள் ஆதரவு இல்லை.

உறுப்பினர் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வருக்குக் கொட்டேஷன் கேட்கும் முன், அடுத்து வேலைக்குச் சேர்பவர் லேப்டாப்பைக் கையில் வாங்கியதிலிருந்து முதல் டெஸ்ட் ஓடும்வரை எத்தனை மணி நேரம் ஆகிறது, எதெதற்கு யாரைக் கேட்டார் என்பதைக் குறித்துவையுங்கள். வரையறைக் கோப்பின் முதல் வடிவத்தை அந்தக் குறிப்பிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். அதற்கு இப்போதிருக்கும் ஒரு பழைய மெஷினே போதும்.