டட்லியின் ஆட்சியும் வீழ்ச்சியும்

குருக்கள்மடம் துறையிலே, அம்பிளாந்துறைக்குச் செல்லும் படகுப் பாதையை எதிர்பார்த்து நின்ற வேளையில், படுவான்கரையில் வயல் செய்யும் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் நம்முடன் அரசியல் பேசலானார். கொழும்பில் ஆண்டவர்களை ஒவ்வொருவராக எடுத்து வைது தீர்த்தவர், ஒரு பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “டட்லி நல்ல மனிசன், தம்பி” என்றார். நீதிமன்றத்து மூத்த வழக்கறிஞர்களும் இதையே கூறக் கேட்டிருக்கின்றோம். இத்தனை பேர் வழங்கும் நற்சான்றிதழை நாம் மறுக்க வரவில்லை. ஆனால், ஒரு பிரதம மந்திரியை எடை போட அது போதுமா என்பதே கேள்வி.

டட்லி சேனாநாயக்கா மூன்று முறை பிரதமரானவர். 1952 மார்ச்சில் தந்தையார் டீ. எஸ். சேனாநாயக்கா காலமானதும் பதவியேற்றார். மறு ஆண்டு ஜூலையில், கொத்து 25 சதமாக இருந்த கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. கொரிய யுத்தக் காலத்தில் ஏறிய ரப்பர் விலை சரிந்து கஜானா வற்றியிருந்தது உண்மையே. எனினும் ஏழையின் பானைக்கு அந்தக் கணக்குப் புரியுமா? ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் தென்னிலங்கை ஸ்தம்பித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது! அக்டோபரில், உடல்நலத்தைக் காரணம் காட்டி டட்லி விலகினார். சூயஸில் கைசுட்டுக் கொண்ட பிரித்தானியப் பிரதமர் அந்தோணி ஈடனும் 1957 ஜனவரியில் உடல்நலத்தையே காரணமாகக் கூறினார். இருவருமே நோயாளிகள்தாம். இருவரையும் வீழ்த்தியது நோய் மட்டுமல்ல.

1960இல் சில மாதங்களே நீடித்த இரண்டாவது ஆட்சியை விட்டுவிடலாம். நமக்கு நேரடி வழக்கு உள்ளது 1965இல்தான்.

அவ்வாண்டு மார்ச்சுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 66 ஆசனங்கள். அறுதிப் பெரும்பான்மை இல்லை. தமிழரசுக் கட்சியிடம் 14 ஆசனங்கள் இருந்தன. மார்ச் 24ஆம் திகதி டட்லியும் திரு. செல்வநாயகமும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். வடக்குக் கிழக்கில் தமிழில் நிருவாகம், நீதிமன்றங்களில் தமிழில் விசாரணையும் பதிவும், மாவட்ட சபைகள், காணி ஆகியவை அதிற் கண்ட விடயங்கள். கையொப்பமிட்டவர் மறுநாள் பிரதமரானார். அதாவது, அவர் பெற வேண்டிய பிரதிப்பலன் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கைக்கு வந்துவிட்டது. தமிழர் பெற வேண்டியதற்கோ தவணை குறிக்கப்படவில்லை. உடன்படிக்கை எழுதிப் பழகிய எவரும் இந்த இடத்திலே பேனாவைக் கீழே வைத்து யோசித்திருப்பர்.

மட்டக்களப்பு விவசாயிக்கு அந்தப் பத்திரத்தில் முக்கியமானது காணி பற்றிய வாசகமே. வடக்குக் கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு, அடுத்து அவ்விரு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு, அதன் பின்னரே ஏனையோருக்குக் காணி வழங்க வேண்டும் என்றது அது. கல்லோயாத் திட்டம் நம் கண்முன்னே என்ன செய்தது என்பதை அறிந்தோருக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசை சட்டத்தில் ஏறாமலே ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

மொழி ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரி 8ஆம் திகதி பாராளுமன்றத்துக்கு வந்தன. அன்று கொழும்பில் நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது பொலீசார் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார், அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. டட்லியின் வயிற்றிலே மசாலா வடை என்று தெருவிலே கோஷமிட்டனர். அந்த நாளில் அவர் பின்வாங்கவில்லை. இதை நாம் மறைத்தல் நியாயமாகாது. ஆனால், விதிகள் காகிதத்தில் இருந்த அளவுக்குக் கச்சேரியில் இருக்கவில்லை. 1968இல் மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை வந்தது. எதிர்க்கட்சியோடு சொந்தக் கட்சியினரும் முறைத்துக் கொள்ளவே, டட்லி அதைக் கைவிட்டார். அதே ஆண்டில், திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய உள்ளூராட்சி மந்திரி திரு. திருச்செல்வம் நியமித்த குழுவை, ஒரு பிக்குவின் ஆட்சேபத்தின் பேரில் நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார். பின்னர் தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்தை விட்டு நீங்கியது.

உழவன் என்ற முறையில் வேறொரு கணக்கும் பார்க்க வேண்டும். உணவு உற்பத்தி இயக்கத்தை அவர் தாமே முன்னின்று நடத்தினார். நெல்லின் உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபாவிலிருந்து 14 ரூபாவாக உயர்ந்தது, புதிய நெல்லினங்களும் பசளையும் வயலுக்கு வந்தன, விளைச்சல் பெருகியது. பெரியவரின் நன்றியறிதலுக்கு இதுவே அடிப்படை என்று எண்ணுகிறோம்; அது பொய்யான நன்றியறிதல் அன்று. ஆனால் 1966 இறுதியில் இரண்டு கொத்துப் பங்கீட்டு அரிசி ஒரு கொத்தாகியது. அந்த ஒன்று இலவசம் என்ற ஆறுதலை மக்கள் ஏற்கவில்லை. இழந்த கொத்தைத் திருப்பித் தருவோம் என்று ஸ்ரீமாவோ அம்மையார் கூறினார். 1970 மே தேர்தலில் ஐ.தே.க. 17 ஆசனங்களுக்குச் சுருங்கியது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைவிட அது அதிக வாக்குகள் பெற்றும், தொகுதிக் கணக்கில் அழிந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். தமிழருக்குக் கொடுத்த வாக்கைக் கைவிட்டால் சிங்கள வாக்கு காப்பாற்றப்படும் என்பது அவருக்கு வாய்த்த ஆலோசனை. கைவிட்டார். வாக்கு காப்பாற்றப்பட்டதா? மசாலா வடை என்றவன் வெள்ளை அறிக்கை கிழிந்ததும் டட்லிக்குப் புள்ளடி போட்டானா? அவரை வீழ்த்தியது அரிசிக் கொத்து, மாவட்ட சபையன்று. ஆகவே மாவட்ட சபையை நிறைவேற்றிவிட்டே அவர் தோற்றிருக்கலாம். 1973 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, தோற்கடித்த மக்களே திரண்டு வந்து கண்ணீர் வடித்தனர். நல்ல மனிதர் என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை.

நம்மவர்மீதும் குற்றம் உண்டு. ஆதரவை முழுதாக முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, திகதியில்லாத பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். ஒப்பந்தத்தை மக்கள் முன் வைத்துக் கேட்டிருந்தால், 1968இல் அதை அவ்வளவு ஓசையின்றிப் புதைத்திருக்க முடியுமா?

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை. அந்த ஆண்டுகளிலும் கொழும்பிலிருந்து வாக்குக் கேட்டு வந்தோர் எல்லாரையும் நல்ல மனிதர் என்றே நமக்கு அறிமுகம் செய்தனர். இனி வருபவரிடம் துறையிலும் சந்தியிலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தச் சட்டத்தை எந்த மாதத்தில் பாராளுமன்றத்தில் வைப்பீர்கள்? வைக்காவிடின், எங்கள் உறுப்பினர் எந்த நாளில் எழுந்து எதிர்வரிசைக்குப் போவார்?